பார்த்து எழுதுவதும் பார்த்துக் கற்பதும்

இடுக்கி மாவட்டத்துப் பீர்மேட்டிலிருந்து மலையாளத்தில் ஒரு செய்திமடல் வந்தது. ‘இனி கர்ஷகன் சம்சாரிக்கட்டே’ என்று பெயர். இனி விவசாயி பேசட்டும் என்பது பொருள். பீர்மேடு டெவலப்மெண்ட் சொசைட்டி அதை நடத்தியது. அதே மலையின் கிழக்குப் பக்கம் குமுளிச் சாலையில் இறங்கிக் கம்பம், தேனி கடந்தால் மதுரை. அங்கே ‘சேவா’ என்ற தொண்டு நிறுவனம் ‘நம்வழி வேளாண்மை’ என்ற தமிழ் மடலைக் கொண்டுவந்தது. இரண்டையும் அருகருகே வைத்தால் உடன்பிறப்புகள் என்று தெரிந்துவிடும். ஒரு சின்னக் குறிப்பு, அதில் ஒரு விவசாயியின் கைப்பக்குவம், முடிவில் அவர் பெயரும் ஊரும். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதே அமைப்புதான்.

இரண்டுக்கும் தாய், அகமதாபாத்திலிருந்து வந்த ஆங்கில மடலான ‘ஹனி பீ’. இந்திய மேலாண்மை நிறுவனப் பேராசிரியர் அனில் குப்தாவும் நண்பர்களும் 1990 வாக்கில் அதைத் தொடங்கினார்கள். குஜராத்தியில் ‘லோக்சர்வாணி’, கன்னடத்தில் ‘ஹித்தலகிட’, தெலுங்கில் ‘பல்லெ ஸ்ருஜனா’ என்று அதைப் பார்த்து மாநிலந்தோறும் மடல்கள் பிறந்தன. ஒன்றின் பெயராவது இன்னொன்றின் மொழிபெயர்ப்பு இல்லை. யாரும் ‘தேனீ’ என்று பெயர் வைத்துக்கொண்டு நிற்கவில்லை. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தாயிடமிருந்து பெற்றது பெயரையோ முகத்தையோ அல்ல, நடைமுறையை.

பத்திரிகை நடத்துகிற எவரும் இன்னொரு பத்திரிகையைப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள். ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். எதை எடுக்கலாம், எதை எடுத்தால் திருட்டு, எதை எடுத்தால் வீண் என்ற கேள்வி தமிழ் இதழியலில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவருகிறது. கொல்லங்கோடு போன்ற ஊரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கூர்மை உண்டு. பாலக்காட்டுக்குத் தெற்கே, நெல்லியாம்பதி மலையடிவாரத்தில், காயத்ரி ஆற்றுப் பாசனத்தில் கிடக்கும் ஊர் அது. கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் பொள்ளாச்சிச் சாலை. மாத்ருபூமி வாங்கும் வீட்டில் பொங்கல் மலரும் வாங்குவார்கள். இங்கே தமிழில் ஒரு மடல் தொடங்க நினைப்பவர் கோயில் கமிட்டிக்காரரோ, மாந்தோப்புக்காரரோ, வாசகசாலைப் பிள்ளைகளோ யாராக இருந்தாலும், அவர் முன்னால் இரண்டு மொழிகளின் முன்மாதிரிகள் விரிந்து கிடக்கின்றன. மலையாளத்தில் பார்த்ததைத் தமிழாக்கிப் போட்டுவிடலாம். பொள்ளாச்சிப் பக்கம் வந்ததை அப்படியே எடுத்துப் போட்டுவிடலாம். இரண்டும் சுலபம் என்பதுதான் தொல்லை.

‘ஹனி பீ’ எப்படிப் பிறந்தது என்பதை அனில் குப்தா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். விவசாயிகளிடமிருந்து கற்றதை வைத்து அவர் ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். ஊதியமும் பெயரும் அவருக்கு வந்தன. சொல்லிக்கொடுத்த விவசாயிக்கு அந்தக் கட்டுரையைப் படிக்கக்கூட வழியில்லை. வங்கதேசத்தில் ஆலோசகராக இருந்த 1980களின் நடுவில் இது அவரை உறுத்தத் தொடங்கியது. தேனீ பூவிலிருந்து எடுக்கிறது, பூ ஏழையாகிவிடுவதில்லை. ஒரு பூவை இன்னொரு பூவோடு சேர்த்தும் வைக்கிறது. இந்த உவமையிலிருந்துதான் மடலின் பெயரும் விதிகளும் வந்தன. அறிவைத் தந்தவரின் பெயரும் முகவரியும் அச்சில் வர வேண்டும். அவர் மொழியில் அவருக்கே அது திரும்பிப் போக வேண்டும். அதனால் வருமானம் வந்தால் அவருக்குப் பங்கு வேண்டும்.

இரண்டாவது விதியால்தான் பீர்மேடும் மதுரையும் இந்தக் கதைக்குள் வந்தன. ஆங்கில மடல் தானே வளர்ந்து பத்து மொழிகளில் கிளை விடவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஏற்கெனவே விவசாயிகளோடு வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அதை எடுத்துத் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். சேவாவின் வேலை நாட்டு மாடு, ஆட்டு இனங்கள் பக்கம் நீண்டது. மேய்ச்சல்காரர்களின் அறிவு அங்கே மதிப்புப் பெற்றது. மாடு மேய்ப்பவரின் பிரச்சினை வேறு, இடுக்கியின் மிளகு, ஏலக்காய்க் காட்டில் கொடிக்குக் கம்பம் நடுகிறவரின் பிரச்சினை வேறு. கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்திலேயே தேர்ந்தெடுத்து உருவாக்கிய ‘ஞள்ளானி’ ஏலக்காய் ரகம் மலை முழுக்கப் பரவியது. ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகம் இல்லை அது. அவர் குடும்பப் பெயரைத் தாங்கிய ரகம். செடியோடு பெயரும் சேர்ந்து பயணப்பட்டது. அனில் குப்தாவின் மடல் காகிதத்தில் செய்ய நினைத்ததும் அதைத்தான்.

பெயரை எடுப்பதற்கும் நடைமுறையை எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழ் இதழ்களின் பழைய கதையிலும் துலக்கமாகத் தெரிகிறது. 1841இல் லண்டனில் தொடங்கிய ‘பஞ்ச்’ இதழுக்கு இந்தியாவில் பிள்ளைகள் ஏராளம். பம்பாயில் ‘பார்சி பஞ்ச்’, லக்னோவில் 1877இல் ‘அவத் பஞ்ச்’ என்று பெயரையே கடன் வாங்கியவர்கள் உண்டு. பாரதி பெயரை வாங்கவில்லை. 1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் கருத்துப்படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். ‘பஞ்ச்’ கார்ட்டூனில் இந்தியா என்பது ஆங்கிலேயக் கண்ணால் பார்க்கப்பட்ட பொருள். பாரதியின் இதழில் பார்க்கப்படுகிறவன் ஆங்கிலேயன். கருவி ஒன்றுதான், கை மாறியது. இதழின் முகப்பில் பிரெஞ்சுப் புரட்சியின் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற முழக்கமும் இருந்தது. அதுவும் கடன்தான். 1908இல் இதழ் புதுச்சேரிக்குப் போனபோது அந்த முழக்கம் பிரெஞ்சு மண்ணுக்கே போய்ச் சேர்ந்தது, ஒருவகை விதி விளையாட்டு.

‘மணிக்கொடி’யும் அப்படியே. லண்டன் ‘அப்சர்வர்’ போல ஒரு வார இதழ் தமிழில் வேண்டும் என்பது கு. சீனிவாசனின் கனவு. வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகியோரோடு சேர்ந்து 1933இல் அதைத் தொடங்கினார். அரசியலும் கருத்தும் கலந்த அந்த முதல் உருவம் நீடிக்கவில்லை. பி.எஸ். ராமையா கைக்கு வந்த பிறகு அது சிறுகதை இதழானது. இன்று ‘மணிக்கொடி’ என்றால் நினைவுக்கு வருவது அந்த இரண்டாவது உருவம்தான். எந்த இதழைப் பார்த்துத் தொடங்கினார்களோ அதன் சாயல் போன பிறகே இதழுக்கு அடையாளம் கிடைத்தது. முன்மாதிரி வாசற்படிவரை கொண்டுவந்து விடும், உள்ளே போவது நம் வேலை.

வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எடுத்தவர்களும் உண்டு. 1947இல் தொடங்கிய ‘மஞ்சரி’யைப் பார்த்தவர்களுக்கு அது ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ வழி வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. கைக்கு அடக்கமான அளவு, பல இடங்களிலிருந்து திரட்டிச் சுருக்கிய கட்டுரைகள். திரட்டுவதே அதன் தொழில். அதனால் எங்கிருந்து திரட்டியது என்பதை மறைக்கத் தேவையும் இல்லை. ஆசிரியர் தி.ஜ.ர.வின் கைபட்ட தமிழ் அதைத் தமிழ் வாசகனின் பத்திரிகையாக்கியது.

மறைத்ததால் வந்த சண்டைகளுக்கும் குறைவில்லை. 1940களில் புதுமைப்பித்தன் ‘ரசமட்டம்’ என்ற புனைபெயரில் கல்கியின் எழுத்து ஆங்கிலத்திலிருந்து சொல்லாமல் எடுத்த தழுவல் என்று குற்றம் சாட்டினார். மொழிபெயர்ப்பா தழுவலா என்று மணிக்கொடிக்காரர்கள் அதற்கு முன்பே மோதியிருந்தார்கள். மூலத்தின் பெயரைச் சொல்லி மொழிபெயர். இல்லாவிட்டால் சொந்தமாக எழுது. நடுவில் ஊரை மட்டும் மாற்றிப் பாத்திரத்துக்குக் குடுமி வைத்துவிடாதே என்பது புதுமைப்பித்தன் தரப்பு. அந்தக் கோபத்தில் தனிப்பட்ட பகையும் கொஞ்சம் இருந்திருக்கலாம். வாதம் மட்டும் இன்னும் பழசாகவில்லை.

இலங்கையில் ஒரு நல்ல உதாரணம் கிடைக்கிறது. வ. விஜயபாஸ்கரனின் ‘சரஸ்வதி’ 1955 முதல் 1962 வரை சென்னையிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தில் முடிதிருத்தும் நிலையம் நடத்திய டொமினிக் ஜீவா அதில் கதை எழுதினார். ‘சரஸ்வதி’ அவர் படத்தை அட்டையில் போட்டது. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட ஒரு எழுத்தாளனின் முகம் தமிழ்நாட்டுப் பத்திரிகையின் அட்டையில். 1966இல் ஜீவா ‘மல்லிகை’யைத் தொடங்கியபோது அதே வழக்கத்தைக் கையில் எடுத்தார். எழுத்தாளர்கள், கலைஞர்கள், உழைத்தவர்கள் அட்டைக்கு வந்தார்கள். போரும் இடப்பெயர்வும் கண்ட ‘மல்லிகை’ நானூறு இதழ்களைத் தாண்டியது. ‘சரஸ்வதி’யிடமிருந்து ஜீவா வாங்கியது ஒரு அட்டைப் பழக்கம்தான். தன்மீது விழுந்த வெளிச்சத்தை மற்றவர்மீது திருப்பிவிட வேண்டும் என்ற முடிவு அவருடையது.

கொல்லங்கோட்டுக்கு இன்னும் பக்கத்தில், கோயம்புத்தூரிலிருந்து 1971இல் ‘வானம்பாடி’ வந்தது. ஞானி, புவியரசு, சிற்பி, முல்லை ஆதவன் முதலியோரின் கூட்டு முயற்சி. தன்னை ‘விலையிலாக் கவிமடல்’ என்று அறிவித்துக்கொண்டது. தெலுங்கில் திகம்பர கவிகள் 1965 முதல் வெளியிட்ட தொகுப்புகளின் சூடு தென்னிந்தியா முழுக்கப் பரவியிருந்த காலம். அந்தச் சூடு வானம்பாடிக்குள் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சிற்பி ஆத்துப்பொள்ளாச்சிக்காரர், எல்லை மண். பின்னாளில் லலிதாம்பிகா அந்தர்ஜனத்தின் ‘அக்னி சாட்சி’யைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். அண்டை மொழியின் வீட்டுக்குள் போய்வரப் பழகியவர்கள் அதன் பத்திரிகையைக் கண்டு மிரளவும் மாட்டார்கள், அதை அப்படியே நகலெடுக்கவும் மாட்டார்கள்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே கேரளத்திலிருந்து தமிழுக்கு வந்த கடன்களில் பெரியது சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கத்தின் கடன். 1962இல் தொடங்கிய பரிஷத், 1966இல் ‘சாஸ்திரகதி’யையும், பிறகு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ‘சாஸ்திரகேரளம்’, சிறுவர்களுக்காக ‘யுரீகா’ ஆகியவற்றையும் கொண்டுவந்தது. அமைதிப் பள்ளத்தாக்கு அணை வேண்டாம் என்ற இயக்கத்தில் பாலக்காட்டு மாவட்டமே பரிஷத்தின் வகுப்பறையானது. 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிறந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அது ‘துளிர்’ என்ற சிறுவர் அறிவியல் மாத இதழைத் தொடங்கியது. ‘யுரீகா’வைப் பார்த்தவர்களுக்கு ‘துளிர்’ எங்கிருந்து தூண்டுதல் பெற்றது என்பது ரகசியம் இல்லை. பார்க்க வேண்டியது அச்சிட்ட பக்கத்தை மட்டும் அல்ல. பரிஷத் ஊர்தோறும் பாலவேதி என்ற சிறுவர் குழுக்களை நடத்தியது. இதழ் அந்தக் குழுக்களின் கையில்தான் உயிர்த்தது. தமிழ்நாட்டிலும் ‘துளிர் இல்லம்’ உருவானது. கடையில் தொங்கவிட்டு விற்பதை நம்பிய எத்தனையோ சிறுவர் இதழ்கள் வந்த சுவடு தெரியாமல் போயின. பத்திரிகையை மட்டும் பார்த்து, அதைத் தாங்கும் ஆட்களைப் பார்க்காமல் போனால் வருவது அந்த முடிவு.

இந்த இடத்தில் ஒரு அமெரிக்கக் கதையைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் செய்திமடல் என்ற வடிவத்தில், முன்மாதிரியைச் சொல்லிவிட்டு எடுத்தவர்களில் ஐ.எப். ஸ்டோனைப் போல இன்னொருவர் இல்லை. ஜார்ஜ் செல்டஸ் என்பவர் 1940இல் ‘இன் ஃபேக்ட்’ என்ற நாலு பக்க வார மடலைத் தொடங்கினார். பெரிய பத்திரிகைகள் விளம்பரதாரருக்குப் பயந்து விழுங்கிய செய்திகளை அவர் போட்டார். உச்சத்தில் ஒன்றே முக்கால் லட்சம் பிரதி போனது. கம்யூனிச வேட்டைக் காலத்தில் சந்தாதாரர்கள் பயந்து விலக, 1950இல் நின்றது. மூன்று ஆண்டுகள் கழித்து, வேலை செய்துவந்த பத்திரிகை மூடப்பட்டதும், ஸ்டோன் ‘ஐ.எப். ஸ்டோன்ஸ் வீக்லி’யைத் தொடங்கினார். வடிவம் செல்டஸுடையது: நாலு பக்கம், விளம்பரம் இல்லை, அஞ்சலில் சந்தா. சந்தாதாரர் பட்டியலில்கூட ‘இன் ஃபேக்ட்’டின் பழைய பட்டியல் கைகொடுத்தது. ஏறத்தாழ 5,300 பேரோடு தொடங்கியது.

ஆனால் ஸ்டோன் ஒன்றை மாற்றினார். செல்டஸுக்குச் செய்தியாளர்கள் ரகசியமாகக் கொடுத்த தகவல்கள் வந்தன. ஸ்டோனுக்குக் காது சரியாகக் கேட்காது, பேட்டிகளும் விருந்துகளும் அவருக்குச் சரிப்படவில்லை. அவர் அரசாங்கத்தின் சொந்த ஆவணங்களைப் படித்தார். நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்பு, விசாரணைக் குழு அறிக்கை, பிற்சேர்க்கை, அடிக்குறிப்பு. அரசாங்கம் ஒரு பக்கத்தில் சொன்னதை இன்னொரு பக்கத்தில் அதுவே மறுத்திருப்பதைக் கண்டுபிடித்துப் போட்டார். அச்சமைப்பும் அடக்கமானது, கூச்சல் தலைப்பு கிடையாது. மடல் 1971 வரை வந்தது. வடிவத்தைக் கடன் வாங்கியவர், தன் குறையைச் சுற்றி ஒரு முறையைக் கட்டிக்கொண்டார். அந்த முறையைத்தான் இன்று உலகம் அவர் பெயரால் நினைக்கிறது.

பத்திரிகைகள் ஒன்றையொன்று பார்த்து வளர்வதற்கு ஒரு காலத்தில் அரசே வழி செய்து கொடுத்தது. 1792ஆம் ஆண்டின் அமெரிக்க அஞ்சல் சட்டம், பத்திரிகாசிரியர்கள் தங்களுக்குள் இதழ்களைக் கட்டணம் இல்லாமல் அனுப்பிக்கொள்ள அனுமதித்தது. கிராமத்துப் பத்திரிகாசிரியரின் முக்கியக் கருவி பேனாவைவிடக் கத்தரிக்கோல்தான் என்று கேலி பேசும் அளவுக்கு அது போனது. தமிழ்ச் சிற்றிதழ்களுக்கு அப்படிச் சலுகை கிடையாது. ஆனால் மாற்றுப் பிரதி அனுப்பும் பழக்கமும் ‘வரப்பெற்றோம்’ என்ற பகுதியும் இருந்தன. கடைசிப் பக்கத்து மூலையில், பொடி எழுத்தில், வந்த இதழின் பெயர், முகவரி, விலை. அந்தச் சின்னப் பட்டியலைப் பார்த்துத்தான் சேலத்துக்காரர் நாகர்கோவில் இதழுக்குச் சந்தா கட்டினார். எவர் யாரிடம் கற்றார் என்பதற்கு இதைவிட நேர்மையான பதிவு கிடையாது. இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.

கொல்லங்கோட்டுக்காரருக்கு நேரடியாகப் பொருந்தும் முன்மாதிரி கேரளத்தின் மறுகோடியில் இருக்கிறது. காசர்கோடு மாவட்டத்து எல்லையில் கன்னடம் பேசும் பட்ரெ கிராமம். அங்கே வாழும் ஸ்ரீ பட்ரெ, கர்நாடகத்துப் புத்தூரிலிருந்து 1988 முதல் வரும் ‘அடிகெ பத்ரிகெ’யின் முதுகெலும்பு. அடிகெ என்றால் பாக்கு. பாக்கு விவசாயிகளே எழுதும் இதழ் அது. விவசாயியின் கையில் எழுதுகோல் என்பது அதன் கொள்கை. அதற்காகப் பயிற்சி முகாம்கள் நடத்தினார்கள். மண்வெட்டி பிடித்த கை கட்டுரை எழுதக் கற்றுக்கொண்டது. கட்டுரைக்குக் கீழே விவசாயியின் தொலைபேசி எண் வரும். படித்தவர் கூப்பிட்டுக் கேட்கலாம், சொன்னது பொய்யானால் கூப்பிட்டுத் திட்டலாம். எந்தத் தணிக்கையும் அந்த எண்ணைப் போல் எழுத்தாளனை ஒழுங்குபடுத்தாது. 2007இல் தொடங்கிய ‘பசுமை விகடன்’ வாசகர்களுக்கும் கட்டுரை முடிவில் ‘தொடர்புக்கு’ என்று வரும் எண் பழக்கமானதுதான். யார் யாரிடம் எடுத்தது என்று இங்கே கணக்குத் தீர்க்க வேண்டியதில்லை. வேலைசெய்கிற ஒரு பழக்கம் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டேதான் இருக்கும்.

இன்னொன்றும் பட்ரெயிடமிருந்து கற்க வேண்டும். 1980ஐ ஒட்டிய காலத்திலேயே தன் ஊர்ப் பக்கத்தில் கால் கோணலாகப் பிறந்த கன்றுகளைப் பற்றி எழுதி, முந்திரித் தோட்டங்களில் தெளித்த எண்டோசல்பான்மீது சந்தேகத்தைக் கிளப்பியவர்களில் அவர் முதன்மையானவர். உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது 2011இல். அதே மருந்தைப் பற்றிய பேச்சு கொல்லங்கோட்டுக்கு அருகில் முதலமடை மாந்தோப்புகளிலும் எழுந்தது. உள்ளூர் இதழின் பலம், எங்கோ வந்த கட்டுரையைத் திருப்பிப் போடுவதில் இல்லை, எங்கோ கேட்கப்பட்ட கேள்வியைத் தன் தோப்பில் கேட்டுப் பார்ப்பதில் இருக்கிறது.

உள்ளடக்கத்தை அப்படியே தூக்கிவந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. காவிரிப் படுகையின் குறுவை, சம்பா நாட்காட்டியை எடுத்துக் கொல்லங்கோட்டில் அச்சிட்டால் யாருக்கும் உதவாது. இங்கே விரிப்பு, முண்டகன். தென்மேற்குப் பருவமழைதான் பயிரின் எஜமான். கணவாய்க் காற்று அடிக்கத் தொடங்கினால் வாழை சாயும். முதலமடை மாம்பழம் நாட்டின் மற்ற இடங்களுக்கு முன்னால், ஜனவரி, பிப்ரவரியிலேயே சந்தைக்கு வந்துவிடும். அதன் விலையே அந்த முந்தலில்தான் இருக்கிறது. மாவுக்கு மருந்தடிக்கும் மாதத்தைச் சேலத்து இதழிலிருந்து எடுத்துப் போட்டால், விவசாயி பார்த்துவிட்டு மடலை மடித்துக் கூரையில் செருகிவிடுவார். ஹாலந்திலிருந்து 1984 முதல் வந்த ‘இலேயா’ மடலின் வழியில் பெங்களூரு ஏ.எம்.இ. பவுண்டேஷன் ‘லீசா இந்தியா’வைத் தொடங்கித் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் பதிப்புகள் கொண்டுவந்தது. அங்கும் இதே பாடம்தான் கிடைத்தது. இந்திய விவசாயிகளின் அனுபவக் கட்டுரைகள் சேர்ந்த பிறகே அது இந்திய மடலானது.

சட்டம் இந்த விஷயத்தில் எழுத்தாளரைவிடத் தாராளம். கருத்துக்குக் காப்புரிமை கிடையாது, சொன்ன விதத்துக்கே உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஒரு நாடகத்தைத் தழுவிப் படமெடுத்தார்கள் என்ற வழக்கு அது, நாடகக்காரர் தோற்றார். ஆகவே ஒரு மடலின் பகுதி அமைப்பையோ, கேள்வி-பதில் வடிவத்தையோ, விவசாயி எண் போடும் பழக்கத்தையோ எடுத்தால் யாரும் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. எழுதிய வாக்கியங்களையும் படங்களையும் எடுத்தால் இழுக்கலாம். சட்டம் நின்றுவிடுகிற இடத்துக்கு அப்பால் ஒரு பெரிய வெளி இருக்கிறது. அங்கே மரியாதை ஒன்றுதான் காவல். முன்மாதிரியைச் சொல்லாமல் எடுத்தவர் சிறைக்குப் போக மாட்டார். அடுத்த மாதம் முன்மாதிரி இதழும் படித்த வாசகர் ஒருவர் தேநீர்க் கடையில் சிரித்தபடி இரண்டையும் சேர்த்து எடுத்து வைப்பார்.

பெயர் விஷயத்தில் மட்டும் சட்டம் கறார். 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2023இல் வந்து 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பருவ இதழ்ப் பதிவுச் சட்டத்திலும் பழைய விதி தொடர்கிறது. அதே மொழியில் நாட்டில் எங்கும், அதே மாநிலத்தில் எந்த மொழியிலும், இன்னொருவர் வைத்திருக்கும் பெயரை வைக்கக் கூடாது. கொல்லங்கோட்டிலிருந்து தமிழில் மடல் நடத்துகிறவருக்கு இது இரட்டை வேலி. சென்னையில் தமிழில் இருக்கும் பெயரும் ஆகாது, திருவனந்தபுரத்தில் மலையாளத்தில் இருக்கும் பெயரும் ஆகாது. தமிழ்ச் சிற்றிதழ்கள் இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாமென்று ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று ஒரு வரி போட்டுக்கொண்டன. அந்த வரிக்குள் எத்தனையோ நல்ல இலக்கியம் ஒளிந்து வாழ்ந்திருக்கிறது.

இப்போதைய மடல்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் பிடிஎப்பாகப் போகின்றன. அஞ்சல் செலவு இல்லை, அச்சுச் செலவு இல்லை, பெயரும் இல்லை. ஒரு விவசாயி சொன்ன பூச்சிவிரட்டிக் குறிப்பு பத்துக் குழு தாண்டுவதற்குள் அவர் பெயர் உதிர்ந்து, ஊர் உதிர்ந்து, அளவும் மாறிவிடுகிறது. ஐந்து லிட்டர் ஐம்பதாகிறது. ‘ஹனி பீ’க்காரர்கள் பெயரையும் முகவரியையும் விடாப்பிடியாகக் கேட்டது மரியாதைக்காக மட்டும் அல்ல என்பது இங்கே விளங்குகிறது. ஆள் இருந்தால் அளவைச் சரிபார்க்கலாம்.

எல்லையில் ஒரு தமிழ் மடலுக்கு முதல் பொருள் எது என்று கேட்டால், தண்ணீர் என்பது தயங்காமல் வரும் பதில். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே மாதம் கையெழுத்தானது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்தின் சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். வறட்சி ஆண்டுகளில் பொள்ளாச்சிப் பதிப்பு நாளிதழில் ஒரு கதை, பாலக்காட்டுப் பதிப்பு நாளிதழில் வேறொரு கதை. அங்கே “கூடுதலாகத் திறந்துவிட்டோம்”, இங்கே “பங்கு தரவில்லை”. சித்தூர் வட்டத்துத் தமிழ் விவசாயி இரண்டையும் படிக்கிறார். அவர் வயல் கேரளத்தில், அவர் மச்சான் வயல் தமிழ்நாட்டில். இரண்டு பத்திரிகைகளில் ஒன்றைப் பார்த்து எழுதும் மடல் பாதி வாசகரை இழக்கும். இரண்டையும் பெயர் சொல்லி அருகருகே போட்டு, கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியத்தின் கணக்கிலிருந்து மணக்கடவு அளவை வாரந்தோறும் ஒரு கட்டத்துக்குள் அச்சிடும் மடல் இன்னும் யாரும் செய்யாத வேலையைச் செய்யும். ஸ்டோன் வாஷிங்டனில் அரசாங்க அறிக்கைகளின் அடிக்குறிப்பை வைத்துச் செய்ததும் ஏறத்தாழ இதுதான். அதற்கு வேண்டியது பெரிய அச்சகம் அல்ல. வாரம் ஒருமுறை அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வர ஓர் ஆள், கொடுக்க மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட ஒரு பத்து ரூபாய்.